பழைய படப்பெட்டி கையில் கிடைத்தால்: பொதுக் காப்பகம் வரை கொண்டு சேர்க்கும் வழி

மூடிக்கிடக்கும் தியேட்டரின் ஆப்பரேட்டர் ரூம், காலமான விநியோகஸ்தர் வீட்டுப் பரண், இடிக்கப்போகும் பிலிம் லேபின் பின்கட்டு. பழைய தமிழ்ப் பட பிரிண்டுகள் இப்போதும் இந்த மாதிரி இடங்களில் தட்டுப்படுகின்றன. துருவேறிய தகரப் பெட்டி, மூடியில் பெயின்ட்டால் எழுதிய பெயர் பாதி உதிர்ந்திருக்கும், உள்ளே ஆறேழு சுருள். வெள்ளிக்காக எடைக்கு வாங்கிப் போகிறவர்கள் ஒரு காலத்தில் இவற்றைத் தேடி ஊர் ஊராக வந்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தின் பிம்பமே வெள்ளியால் ஆனது.

புத்தகம் அச்சிட்டால் பொது நூலகங்களுக்குப் பிரதி கொடுத்தாக வேண்டும் என்று 1954-ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் திரைப்படத்தைத் தொடவில்லை. 1964-ல் பூனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தொடங்கியபோது பி.கே. நாயர் போன்றவர்கள் வீடு வீடாக, கிடங்கு கிடங்காகத் தேடித்தான் சேர்க்க வேண்டியிருந்தது. தமிழகத்தின் முதல் மௌனப்படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இல்லை. முதல் தமிழ்ப் பேசும்படமான 1931-ன் ‘காளிதாஸ்’ இல்லை. நாகர்கோவில்காரர் சுந்தர்ராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற 1933-ஆம் ஆண்டு மௌனப்படம் மட்டும் எப்படித் தப்பித்தது? படத்துக்கு மூலமான நாவலின் பதிப்பாளர் வழக்குப் போட்டார், பிரிண்ட் அவருடைய புத்தகக் கடையில் முடங்கியது, 1974-ல் அங்கிருந்து காப்பகத்துக்குப் போனது. ஓட விடாமல் தடுத்த வழக்குதான் படத்தைக் காப்பாற்றியது.

ஆக, பெட்டியை முதலில் பார்க்கிறவர் அடுத்த இரண்டு நாள் என்ன செய்கிறார் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. பிலிம் சொசைட்டி நண்பர்கள், தியேட்டர் குடும்பத்தினர், சினிமா ஆய்வு மாணவர்கள் என்று இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கான குறிப்புகள் இவை.

டப்பாவைத் திறக்கும் முன்

முதலில் போட்டோ. டப்பா கிடந்த இடம், அடுக்கியிருந்த வரிசை, ஒவ்வொரு மூடி, பக்கவாட்டில் ஒட்டிய சீட்டு எல்லாவற்றையும் படம் எடுங்கள். தூசி தட்டுவது, ஈரத்துணியால் துடைப்பது எல்லாம் பிறகு. மூடியில் ‘எம்.ஆர்’, ‘டி.டி’, ‘என்.எஸ்.சி’ என்று ஏதாவது எழுதியிருந்தால் அது எந்த விநியோக ஏரியாவுக்குப் போன பிரிண்ட் என்பதற்கான சாட்சி: மதுரை – ராமநாதபுரம், திருச்சி – தஞ்சாவூர், வட ஆற்காடு – தென் ஆற்காடு – செங்கல்பட்டு. துடைத்துவிட்டால் அந்தச் சாட்சி போயிற்று.

அடுத்து எண். 001, 002 என்று ஒவ்வொரு டப்பாவுக்கும் ஓர் எண் கொடுத்து, பென்சிலால் எழுதிய அட்டையை நூலால் கட்டுங்கள். படத்தின் பெயரை எண்ணாகப் பயன்படுத்தாதீர்கள். டப்பா மேல் இருக்கும் பெயருக்கும் உள்ளே இருக்கும் சுருளுக்கும் சம்பந்தமே இல்லாமல் போவது சர்வ சாதாரணம். நல்ல டப்பா கிடைத்தால் அதில் எந்தப் படத்தையும் போட்டு அனுப்புவதுதான் அன்றைய வழக்கம். உள்ளே சீட்டு, ரசீது, சென்சார் காகிதம் இருந்தால் வெளியே எடுத்து, அதே எண் எழுதிய உறையில் தனியாக வையுங்கள். பழைய காகிதம் ஈரத்தை இழுத்துச் சுருளுக்குக் கொடுக்கும்.

காற்றோட்டமுள்ள அறையில், முகக்கவசம் போட்டுத் திறக்க வேண்டும். மூடி துருவில் பிடித்துக்கொண்டால் சுத்தியலால் தட்டாதீர்கள், துருப்பொடி சுருளுக்குள் இறங்கும். டப்பாவைச் சற்றே தலைகீழாகச் சாய்த்துப் பிடித்து, மழுங்கிய தட்டையான கம்பியால் விளிம்பைச் சுற்றிச் சுற்றி நெம்பினால் வந்துவிடும்.

நைட்ரேட்டா என்று முதலில் பாருங்கள்

1950-களின் தொடக்கம் வரை 35 எம்.எம். படங்கள் பெரும்பாலும் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிமில் வந்தவை. கோடாக் 1951-ல் அதன் உற்பத்தியை நிறுத்தியது. நைட்ரேட் எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். தண்ணீருக்கு அடியிலும் எரியும், மணலால் மூடினாலும் அடங்காது. சிதைந்த சுருள், வெப்பம் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால் தானாகவே பற்றிக்கொள்ளக்கூடும். வேலூர் மே மாதத்து மாடியறை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2003 ஜனவரியில் பூனேயில் நைட்ரேட் சுருள்கள் வைத்திருந்த கிடங்கே தீயில் போனது.

எப்படித் தெரிந்துகொள்வது? பிலிம் ஓரத்தில், துளைகளுக்கு வெளியே, ‘நைட்ரேட்’ அல்லது ‘சேஃப்டி’ என்று ஆங்கிலத்தில் அச்சு இருக்கும். இங்கே புதியவர்கள் எல்லோரும் ஏமாறும் ஓர் இடம் உண்டு. பிரிண்ட் போடும்போது நெகட்டிவின் ஓர எழுத்தும் சேர்ந்து பதிந்துவிடும். அப்படிப் பதிந்தது கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகத் தெரியும். அது நெகட்டிவைப் பற்றிச் சொல்கிறதே தவிர உங்கள் கையில் இருக்கும் பிரிண்டைப் பற்றி அல்ல. கறுப்பு வெள்ளை பிரிண்டின் சொந்த அச்சு, தெளிவான ஓரத்தில் கறுப்பு எழுத்தாக இருக்கும். அதை மட்டும் நம்புங்கள். துண்டு கிழித்து எரித்துப் பார்க்கும் சோதனை சில பழைய கையேடுகளில் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நைட்ரேட் சிதைவது படிப்படியாக: பிம்பம் மங்கிப் பழுப்பேறும், மேற்பரப்பு பிசுபிசுக்கும், பிறகு தேன் மாதிரி நுரைத்துக் குமிழ்விடும், இறுகிக் கட்டியாகும், கடைசியில் பழுப்புப் பொடி. முதல் இரண்டு நிலை என்றால், மூடியை இறுக்காமல் வைத்து, வெயிலும் மின்பொருளும் இல்லாத, ஆள் புழங்காத அறையில் தனியாக வைத்துவிட்டு உடனே காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். நுரை நிலைக்கு வந்துவிட்டால் கையே வைக்க வேண்டாம், தீயணைப்புத் துறையைக் கலந்தே அடுத்த அடி. நைட்ரேட் என்று சந்தேகம் இருந்தாலே பஸ் பார்சலிலோ ரயிலிலோ கூரியரிலோ அனுப்பக் கூடாது.

அசிடேட்டும் வினிகர் வாடையும்

உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் அசிடேட், அதாவது நைட்ரேட்டுக்குப் பதிலாக வந்த ‘சேஃப்டி’ பிலிம். இது எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் புளிக்கும். திறந்ததும் ஊறுகாய் ஜாடி மாதிரி காடி வாடை அடித்தால் வினிகர் நோய் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஈரமும் சூடும் அசிடேட்டைச் சிதைத்து அசிட்டிக் அமிலத்தை வெளியேற்றும். அந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். ஒரு கட்டத்துக்குப் பிறகு வண்டி சரிவில் இறங்குவது போலத்தான். சுருங்கும், விளிம்பு அலை அலையாக நெளியும், ஓரத்தில் வெள்ளைப் பொடி படியும், கடைசியில் பிம்பம் இருக்கும் ஜெலட்டின் படலம் தனியாக உரிந்து வரும்.

மூக்கை மட்டும் நம்பாதீர்கள். பத்து டப்பா திறந்த பிறகு மூக்குக்கு எந்த வாடையும் தெரியாது. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் ‘ஏ-டி ஸ்ட்ரிப்’ என்ற சோதனைத் தாளை ஒரு டப்பாவுக்கு ஒன்று வீதம் சுருளின் மேல் வைத்து மூடி, அறை வெப்பத்தில் ஒருநாள் விடுங்கள். நீலமாகவே இருந்தால் 0. பச்சையை நோக்கிப் போகப் போக நோய் முற்றுகிறது, மஞ்சள் என்றால் 3. கூடவே வரும் நிறப் பென்சிலோடு ஒப்பிட்டு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். 1.5-ஐத் தாண்டியவை முதலில் காப்பகத்துக்குப் போக வேண்டியவை. அவற்றின் ஆவி நல்ல சுருள்களையும் தொற்றும் என்பதால் வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். ஓரத்தில் காற்றுப்போகும் இடைவெளியுள்ள பாலிபுரொப்பிலீன் டப்பா கிடைத்தால் நல்லது. துரு, அமிலச் சிதைவைத் தூண்டும் என்பதால் தகர டப்பாவை ஒதுக்கலாம், ஆனால் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள்.

1990-களுக்குப் பிந்தைய பிரிண்டுகள் பாலியெஸ்டராக இருக்கும். சுருளைப் பக்கவாட்டில் விளக்குக்கு நேரே பிடித்தால் பாலியெஸ்டர் வெளிச்சத்தைக் கடத்தும், அசிடேட் இருட்டாகத் தெரியும். சுருளின் முனையில் ஒட்டும் வெற்று பிலிமான லீடரைக் கிழித்துப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பாலியெஸ்டர் கிழியாது என்பது உண்மைதான், ஆனால் அசிடேட் படத்தின் முன்னால் பாலியெஸ்டர் லீடரை ஒட்டிவைத்திருப்பார்கள்.

வெள்ளத்தில் நனைந்த சுருள் தனிக் கதை. அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தால் ஜெலட்டின் பசையாகி அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. நனைந்ததைக் காய விடாமல், குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் மூழ்க வைத்து, ஓரிரு நாளுக்குள் அதைக் கழுவி உலர்த்தத் தெரிந்தவர்களிடம் சேர்க்க வேண்டும்.

ரீவைண்டிங் மேசையில்

வேண்டியவை: கையால் சுற்றும் ரீவைண்டர் ஒரு ஜோடி, அடியில் விளக்குள்ள வெள்ளைக் கண்ணாடி, 8 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பிலிமை வெட்டி ஒட்டும் ஸ்ப்ளைசர், அதற்கான ஸ்ப்ளைசிங் டேப், சுருளின் நடுவில் வரும் 3 அங்குல பிளாஸ்டிக் கோர், புது லீடர், நைட்ரைல் கையுறை. பருத்திக் கையுறை கிழிந்த துளைகளில் நூல் மாட்டிப் பிய்த்துவிடும். மூடிய தியேட்டர்களில் ரீவைண்டர் இன்னும் கிடைக்கிறது. பழைய ஆப்பரேட்டர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டால் ஒரே நாளில் கை பழகிவிடும். தியேட்டரில் சுற்றிய வேகம் மட்டும் இங்கே ஆகாது. தளர்ந்த சுருளை இழுத்து இறுக்கும் பழக்கமும் கூடாது: அடுக்குக்கு அடுக்கு உராய்ந்து ‘மழை’ பெய்யும் கோடுகள் அங்கேதான் விழுகின்றன.

புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். அது கடைசி ஓட்டமாகிவிடும்.

ஆயிரம் அடிச் சுருள் ஒன்றுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். இடது கை விரல்களால் பிலிமின் இரு ஓரத்தையும் மெல்லப் பிடித்தபடி வலது கையால் சுற்ற வேண்டும். கிழிந்த துளை, மேலெழும்பிய ஜாயின்ட் விரலில் தட்டுப்படும். தட்டுப்பட்ட இடத்தில் நிறுத்தி, பார்த்து, எழுதி, பிறகு நகருங்கள். பிலிம் சிமெண்ட் என்ற பசையால் போட்ட பழைய ஜாயின்ட் தொட்டதும் விட்டுப்போகும். அதை ஸ்ப்ளைசிங் டேப்பால் ஒட்டலாம். சாதாரண செலோடேப் எந்தக் காரணத்துக்கும் கூடாது, அதன் பசை கசிந்து அடுத்த அடுக்கில் ஏறும். ஒட்டும்போது ஒரு ஃப்ரேமைக்கூட வெட்டி எறியாதீர்கள். துளை சரியாக அமையவில்லையென்றாலும் அப்படியே விட்டு, தாளில் குறித்தால் போதும்.

பூஞ்சை தெரிந்தால் சுற்றவே வேண்டாம், விதைத்தூள் அறை முழுக்கப் பரவும். சுருள் கட்டியாக ஒட்டியிருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். பலவந்தமாகப் பிரித்து நாசமான சுருள்கள்தான் காலத்தால் நாசமானதைவிட மனத்தைப் பிசைகின்றன.

முடிவில் இரண்டு பக்கமும் இரண்டு மூன்று மீட்டர் புது லீடர் சேர்த்து, அழியாத மையில் படத்தின் பெயர், ரீல் எண், ‘தொடக்கம்’ அல்லது ‘முடிவு’, பிரிண்டா நெகட்டிவா, உங்கள் டப்பா எண் எல்லாம் எழுதுங்கள்.

சுருக்கம் அளக்க ஒரு இரும்பு டேப் போதும்

காப்பகம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, எத்தனை சதவீதம் சுருங்கியிருக்கிறது என்பது. இதற்கென்று கருவி உண்டு, ஆனால் இல்லாமலும் முடியும். 35 எம்.எம். பிரிண்டில் ஒரு ஃப்ரேமுக்கு நான்கு துளை, துளைக்குத் துளை 4.75 மி.மீ. ஆக ஒரு ஃப்ரேம் 19 மி.மீ., நூறு ஃப்ரேம் 1,900 மி.மீ. பிலிமை இழுக்காமல் மேசையில் தட்டையாக விரித்து, ஒரு துளையின் விளிம்பிலிருந்து 400 துளை எண்ணி, அதே பக்க விளிம்புவரை அளந்து பாருங்கள். 1,881 மி.மீ. வந்தால் 19 மி.மீ. குறைவு, அதாவது 1 சதவீதம். அதற்கு மேல் போனது பற்சக்கரமுள்ள எந்த இயந்திரத்திலும் ஏறக் கூடாது. பற்சக்கரம் இல்லாத ஸ்கேனரில்தான் ஏற்ற வேண்டும். சுருளின் தொடக்கத்தில் மட்டும் அளந்தால் போதாது, நடுவிலும் ஓரிடம் அளங்கள், இரண்டும் ஒத்துப்போவது அபூர்வம். நெகட்டிவில் துளை இடைவெளி சற்றுக் குறைவு, நூறு ஃப்ரேம் 1,896 மி.மீ. இது தெரியாமல் நல்ல நெகட்டிவைச் சுருங்கியது என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. 16 எம்.எம். என்றால் நூறு ஃப்ரேம் 762.

என்ன படம், முழுசா?

35 எம்.எம். பிலிம் ஒரு அடிக்கு 16 ஃப்ரேம். விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடிச் சுருள் 11 நிமிடம், 15,000 அடிப் படம் 2 மணி 47 நிமிடம். நீளத்தை அளக்க மீட்டர் கருவி இல்லையென்றால் சுருளின் விட்டத்தைப் பாருங்கள்: 3 அங்குல கோரில் சுற்றிய ஆயிரம் அடி சுமார் 25 செ.மீ. விட்டம் வரும், இரண்டாயிரம் அடி சுமார் 35. எல்லாச் சுருளையும் கூட்டி, முதல் ரீலின் தலைப்பில் வரும் சென்சார் சான்றிதழின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். சில சான்றிதழ் அடியில், சில மீட்டரில். ஆயிரம் அடி 304.8 மீட்டர்.

சான்றிதழின் தேதியைப் பார்த்து ‘இந்த ஆண்டுப் படம்’ என்று எழுதிவிடுவது அடுத்த பொறி. சான்றிதழுக்குப் பத்தாண்டு ஆயுள் என்றிருந்த காலத்தில் மறுவெளியீட்டுக்குப் புதுச் சான்றிதழ் வாங்கி முன்னால் ஒட்டுவார்கள். 1948-ன் படத்தில் 1962-ன் சான்றிதழ் இருக்கலாம். பிலிம் ஓரத்திலிருக்கும் கோடாக்கின் ஆண்டுக் குறிகளுக்கும் இதே சிக்கல்: வட்டம், சதுரம், முக்கோணம் என்ற அந்த வரிசை இருபதாண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். ஓரத்தில் ‘இந்து’ என்றிருந்தால் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் சரக்கு. அந்த நிறுவனம் தொடங்கியது 1960-ல் என்பதால் பிரிண்டின் காலத்துக்கு ஒரு கீழெல்லை கிடைத்துவிடுகிறது.

நீளம் குறைந்தால் பெரும்பாலும் போயிருப்பது பாட்டு. ஆப்பரேட்டர் வெட்டியிருப்பார், ரசிகர் காசு கொடுத்து ஃப்ரேம் வாங்கியிருப்பார், மூன்று மணி நேரத்தைக் குறைக்க விநியோகஸ்தரே எடுத்திருப்பார். கண்டுபிடிக்க நம்மிடம் ஓர் அருமையான கருவி இருக்கிறது: படத்தோடு அப்போது விற்ற பாட்டுப் புத்தகம். கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல், பாட்டுகளின் வரிசை எல்லாம் அதில் இருக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இவை நிறையவே உள்ளன. பாட்டுப் புத்தகத்தில் பன்னிரண்டு, சுருளில் ஒன்பது என்றால் எந்த மூன்று, எந்த ரீலில் என்று குறியுங்கள். இன்னொரு ஊரில் வேறொரு பிரிண்ட் கிடைக்கும்போது, காப்பகத்தார் இரண்டையும் ஒட்டி முழுப்படமாக்க இந்த ஒரு வரிதான் உதவும். ஆகவே ‘இந்தப் படம் ஏற்கெனவே காப்பகத்தில் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். அங்கே இருப்பது ஏரியா வெட்டு விழுந்த பிரிண்டாக இருக்கலாம். சிலோன், மலாயா, சிங்கப்பூருக்குப் போன தமிழ்ப் பிரிண்டுகளும் உண்டு; அங்குள்ள நண்பர்கள் பழைய தியேட்டர்க்காரர்களிடம் விசாரிக்கலாம்.

தரவரிசையும் தெரிந்திருக்க வேண்டும். பிக்சர் நெகட்டிவும் சவுண்ட் நெகட்டிவும் கிடைத்தால் அதுதான் புதையல். இரண்டும் தனித்தனி டப்பா, ஒன்றை மட்டும் எடுத்துவந்து மற்றதை விட்டுவிடாதீர்கள். அடுத்து நெகட்டிவிலிருந்து எடுத்த மாஸ்டர் பாசிட்டிவ், அதிலிருந்து எடுத்த டூப் நெகட்டிவ், கடைசியில்தான் ஓட்டிய பிரிண்ட். கடைசி என்றாலும், வேறெதுவும் மிஞ்சாதபோது அதுவே படம்.

அனுப்பும் வரை

டப்பாக்களைப் படுக்கை வாட்டில் வையுங்கள், நிறுத்தி வைத்தால் சுருள் தன் எடையிலேயே கோணும். ஆறுக்கு மேல் அடுக்காதீர்கள்; இரண்டாயிரம் அடிச் சுருள் ஒன்றே ஐந்து கிலோ வரும். தரையிலிருந்து ஒரு சாண் உயரம், வெளிச்சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, மொட்டை மாடிக்குக் கீழே இல்லாத அறை. ஏசி இருந்தால் விட்டு விட்டுப் போடாதீர்கள். பகலில் 20 டிகிரி, இரவில் 32 என்று ஏறி இறங்குவது, ஒரே நிலையில் 27-ல் கிடப்பதைவிட மோசம். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருப்பதுதான் முக்கியம், அதற்கு ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாடகைக்கு எடுத்தாலும் தகும். 21 டிகிரி, 50 சதவீதத்தில் புது அசிடேட்டுக்கு வினிகர் நோய் வர நாற்பது ஐம்பது ஆண்டாகும் என்பது கணக்கு. கடற்கரை ஊர்களில் அந்தச் சலுகை கிடையாது. வண்ணப்படத்தில் சாயமும் மங்கும் என்பதால் காப்பகங்கள் அதை 2 டிகிரி வாக்கில் வைக்கின்றன.

ஒப்படைப்பது எப்படி

பூனே காப்பகம் 2022-ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. இப்போது அந்தக் கழகத்தின் பெயரில்தான் எழுத வேண்டும். அரசு சாராத அமைப்புகளில், மும்பையில் 2014-ல் தொடங்கிய ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் சுருள்களைப் பாதுகாக்கிறது. உலகக் காப்பகங்களின் கூட்டமைப்போடு சேர்ந்து அது நடத்தும் பயிற்சிப் பட்டறை 2017-ல் சென்னையிலும் நடந்தது.

சுருளைத் தூக்கிக்கொண்டு நேரே போய் நிற்காதீர்கள். முதலில் பட்டியல் போகட்டும். ஒரு சுருளுக்கு ஒரு வரி: டப்பா எண், மூடியில் எழுதியிருந்த பெயர், பிலிமில் கண்ட பெயர், 35-ஆ 16-ஆ, எந்த வகைப் பிலிம், பிரிண்டா நெகட்டிவா, வண்ணமா, ஒலி உண்டா, நீளம், சோதனைத் தாள் எண், சுருக்கம், கிழிசல், குறைந்த பகுதி. மூடியின் பெயருக்கும் பிலிமின் பெயருக்கும் இரண்டு தனிக் கட்டம் கட்டாயம்.

ஒப்படைப்பு இரண்டு வகை. கொடை என்றால் சுருள் காப்பகத்துக்கே சொந்தம். வைப்பு என்றால் சுருள் உங்களுடையதே, அவர்கள் பத்திரப்படுத்துகிறார்கள். தயாரிப்பாளர் குடும்பத்துக்கு வைப்புதான் தயக்கத்தைப் போக்கும். எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும்: திரும்பக் கேட்டால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, ஆய்வாளருக்குக் காட்டலாமா, ஸ்கேன் செய்தால் ஒரு பிரதி உங்களுக்கு உண்டா, பயன்படுத்த முடியாத அளவுக்குச் சிதைந்தால் யாரைக் கேட்டு அழிப்பது. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கச் சங்கடப்படாதீர்கள். கையெழுத்தான பட்டியலின் ஒரு நகல் உங்களிடம் இருக்க வேண்டும்.

உரிமை விஷயம் கோடம்பாக்கத்தில் எப்போதும் சண்டையில் முடியும், ஆகவே சுருக்கமாக. பிரிண்ட் கையில் இருப்பதால் படத்தின் உரிமை வந்துவிடாது. நெகட்டிவ் உரிமை, ஏரியா உரிமை, தொலைக்காட்சி உரிமை ஒவ்வொன்றும் ஒவ்வொருவரிடம் இருக்கும். இந்தியாவில் திரைப்படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1960-ல் வெளியான படத்துக்கு 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. கதைக்கும் பாட்டுக்கும் எழுதியவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டு என்பது தனிக் கணக்கு. சுருளைப் பாதுகாக்கக் கொடுப்பதற்கு இதில் எதுவும் குறுக்கே நிற்காது. லாப நோக்கமில்லாத பொது நூலகம், தன்னிடமுள்ள படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமித்துவைக்க 2012 திருத்தம் இடம் தருகிறது. யூடியூபில் ஏற்றுவது வேறு சமாச்சாரம்.

ஸ்கேன் செய்துவிட்டால் போதாதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4கே-யில் முழு ஃப்ரேமை ஃப்ரேமுக்கு ஒரு கோப்பாகச் சேமிக்கும் 10 பிட் டிபிஎக்ஸ் வடிவில் எடுத்தால் ஒரு ஃப்ரேம் சுமார் 51 எம்.பி. விநாடிக்கு 24. இரண்டரை மணி நேரப் படத்துக்குச் சுமார் 11 டி.பி. இதை எல்டிஓ என்ற கணினித் தரவுக் காந்த டேப்பில் இரண்டு பிரதி எடுத்து இரண்டு ஊரில் வைக்க வேண்டும், ஆண்டுதோறும் சரிபார்ப்பு எண்ணை ஓட்டி ஒரு பிட்டும் மாறவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அதோடு டேப்பின் தலைமுறை மாறிக்கொண்டே இருக்கும்: ஒன்பதாம் தலைமுறை இயந்திரம் எட்டாவதைப் படிக்கும், ஏழாவதைப் படிக்காது. ஆக ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை மொத்தத்தையும் புது டேப்புக்கு மாற்றும் செலவு. குளிர் அறையில் கிடக்கும் சுருள் இதையெல்லாம் கேட்பதில்லை. ஸ்கேன் முடிந்தது என்று சுருளைத் தூக்கிப்போட்டவர்கள், நல்ல ஸ்கேனர் வந்தபோது எடுக்க மூலம் இல்லாமல் நின்றார்கள். பிலிமை எறியாதீர்கள் என்று காப்பகங்களின் உலகக் கூட்டமைப்பு 2008-ல் தனியாக ஓர் அறிக்கையே வெளியிட வேண்டி வந்தது.

சுருள் இல்லாதவர் என்ன செய்யலாம்

பணம் கொடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தின் புதுப்பிப்புக்குக் கொடுக்கிறார்கள். திரையிடல் நடக்கும், பெயர் வரும். ஈரம் உறிஞ்சும் இயந்திரத்துக்கும் டப்பாவுக்கும் கோருக்கும் யாரும் கொடுப்பதில்லை. ஒரு படத்துக்குப் பதினாறு நல்ல டப்பா, பதினாறு கோர், சோதனைத் தாள் ஒரு கட்டு என்று பொருளாகக் கேட்டு வாங்கிக் கொடுப்பது எளிது, வீணாகாது. மாநில அளவில் காப்பகம் வேண்டும் என்று மனு எழுதும் சங்கங்கள், கட்டடத்தை மட்டும் கேட்காமல், ஆண்டு முழுதும் 24 மணி நேரமும் ஓடும் குளிரூட்டலின் மின்கட்டணமும் அது நின்றால் ஓட ஜெனரேட்டரும் எந்தத் தலைப்பில் வரும் என்று மனுவிலேயே கேட்பது நல்லது. ஒலி – ஒளி மரபுக்கான உலக நாளான அக்டோபர் 27-ஐ ஒட்டி அனுப்பினால் கவனம் கிடைக்கும்.

பட்டியலிடும் வேலைக்குத் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் எப்போதும் குறைவு. டைட்டில் கார்டில் வரும் பெயர்களை எழுத்து மாறாமல் எடுத்தெழுதுவது, பாட்டின் முதலடி குறிப்பது, பாட்டுப் புத்தகத்தோடு ஒப்பிடுவது இவற்றை வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்குகிற யாரும் செய்யலாம். காப்பகத்திடம் கேட்டால் பட்டியல் படிவம் தருவார்கள்.

ஓய்வுபெற்ற ஆப்பரேட்டர்களிடமும் லேப் ஊழியர்களிடமும் பேச்சைப் பதிவுசெய்வது இன்னும் அவசரம். ‘அந்தக் காலத்தில் எப்படி இருந்தது’ என்று கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். எந்தப் படத்தின் எந்த ரீலில் வெட்டு விழுந்தது, வெட்டிய பிட்டை எங்கே போட்டார்கள், தியேட்டர் மூடியபோது கடைசிப் பெட்டி எந்த விநியோகஸ்தர் அலுவலகத்துக்குத் திரும்பிப் போனது, அந்த அலுவலகத்தின் சாமான் இப்போது யார் வீட்டில் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவருக்கு அந்தத் தெருவின் பெயர் நினைவிருக்கும்.